கடையும் சட்டப் படிப்பும்
வியாபாரக் குடும்பத்து வாலிபர்க்கு ஒரு பாடம்

பகல் முழுவதும் கடையில் நின்று, இரவில் சட்டம் படித்துப் பட்டம் பெற முடியுமா? இக்கேள்வியை நம் வாலிபர்கள் பலர் கேட்கின்றனர். கோலா சுங்கை பாரு போன்ற கடலோரச் சிற்றூரில் இருந்துகொண்டு, மஸ்ஜித் தானாவுக்கும் அலோர் காஜாவுக்கும் சரக்கெடுக்கப் போய் வரும் ஒருவர், சட்டக் கல்லூரியின் படியை மிதிக்காமலே அக்கல்வியை அடைய வழி உண்டா? உண்டு. ஆனால் அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும், எங்கே நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளாமல் பணத்தைக் கட்டியவர்கள் பின்னர் வருந்தியதுண்டு. ஆகவே இவ்விதழில் அதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

இவ்விஷயத்தில் வீட்டுக்குள் இரு கட்சிகள் இருப்பது வழக்கம். "கடை இருக்கும்போது கறுப்பு அங்கி எதற்கு?" என்பார் தகப்பனார். "பட்டம் வந்தால் நான் வக்கீல், கடை எனக்கு வேண்டாம்" என்பார் மகன். இருவர் கூற்றிலும் பாதிதான் சரி. சட்ட அறிவு கடைக்கு வேண்டாதது என்பது தவறு. பட்டம் வந்த உடனே வக்கீல் என்பதும் தவறு. இரண்டையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

வியாபாரிக்குச் சட்டம் எதற்கு?

நாம் வாழும் மலாக்கா, சட்டத்தால் வளர்ந்த துறைமுகம். சுல்தான்கள் காலத்தில் வெளிநாட்டு வியாபாரிகளின் காரியங்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். அவர்களில் ஒருவர் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளம், பெகு, பாசை ஆகிய இடங்களிலிருந்தும் வந்தவர்களுக்கு உரியவர். மலாக்காவின் கடல் சட்டத்தில், கப்பல் துறை சேர்ந்ததும் முதலில் நகுதா விற்கவேண்டும், அடுத்து கப்பலில் இடம்பிடித்து வந்த வியாபாரிகள் விற்கவேண்டும், அதன்பின்னரே மற்றவர் விற்கவேண்டும் என்ற ஒழுங்குகூட எழுதப்பட்டிருந்தது. 1748-ல் கம்போங் கிளிங் பள்ளிவாசலை எழுப்பிய நம் முன்னோர், அளவும் நிறையும் வாக்கும் ஒழுங்கும் நிலவிய சந்தையிலேதான் பொருள் ஈட்டினர்.

இன்றும் மலாக்கா வியாபாரிக்கு ஒரு தனி நிலை உண்டு. 1956-ம் ஆண்டு சிவில் சட்டத்தின் 5-வது பிரிவைப் பாருங்கள். இந்நாட்டுச் சட்டமன்றம் ஏற்பாடு செய்யாத வணிக விஷயங்களில் எந்தச் சட்டத்தைக் கொள்வது என்று அது கூறுகிறது. தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களுக்கு 1956 ஏப்ரல் 7-ந் தேதி இங்கிலாந்தில் இருந்த வணிகச் சட்டம் பொருந்தும். மலாக்கா, பினாங்கு, சபா, சரவாக் ஆகியவற்றுக்கோ, தகராறு எழும் காலத்தில் இங்கிலாந்தில் என்ன சட்டம் நடக்கிறதோ அதுவே பொருந்தும். எல்லைக்கு அப்பால் லிங்கி ஆற்றைக் கடந்து நெகிரி செம்பிலானில் கடை வைத்திருப்பவருக்கும் நமக்கும் இதில் வேறுபாடு இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நாட்டுச் சட்டங்கள் பெருகப் பெருக இவ்வேறுபாட்டுக்கு இடம் குறைந்து வருகிறது. சரக்கு விற்பனைச் சட்டமே 1990-ல்தான் மலாக்காவுக்கும் பினாங்குக்கும் விரிவாக்கப்பட்டது.

அன்றாடக் கடை விஷயம் ஒன்றைச் சொல்வோம். சிறு வயதில் கடைக்கு வந்து, தராசு பிடிக்கக் கற்று, மொத்த வியாபாரிகள் அனைவரையும் தெரிந்துகொண்ட சிப்பந்தி ஒருவர், விலகிப் போய் எதிர் வரிசையிலேயே கடை திறக்கிறார். "விலகினால் இவ்வட்டாரத்தில் கடை போடமாட்டேன்" என்று அவரிடம் முன்பே எழுதி வாங்கியிருக்கிறோம். அந்தச் சீட்டு செல்லுமா? 1950-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவு, ஒருவர் நியாயமான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. கடையை அதன் நற்பெயரோடு விலைக்கு விற்றவரையும் கூட்டாளிகளையும் பற்றிச் சில விலக்குகள் உண்டு. சிப்பந்திக்கு அவ்விலக்கு இல்லை. இதை அறிந்தவர், வழக்குக்குச் செலவிடும் பணத்தைக் கடையைச் செம்மைப்படுத்தச் செலவிடுவார்.

இன்னொன்று: நண்பர் பாங்கியில் கடன் வாங்க நாம் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறோம். முதலில் அவரிடம் கேட்பார்கள், அவரால் முடியாவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். அதே சட்டத்தின் 81-வது பிரிவு, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்பளவே ஆகும் என்கிறது. ஒரு கையெழுத்தில் ஒரு தலைமுறைச் சேமிப்பு கரைந்த குடும்பங்கள் உண்டு.

கணக்கும் வழக்கும்

1893-ம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் தாதா அப்துல்லா என்ற குஜராத்தி முஸ்லிம் வியாபாரியின் கம்பெனிக்கும், பிரிட்டோரியாவிலிருந்த தையப் சேட் என்ற உறவுமுறை வியாபாரிக்கும் ஒரு பெரிய வழக்கு நடந்தது. கேட்பு 40,000 பவுன். உதவிக்காக இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட இளம் பாரிஸ்டர்தான் காந்திஜி. வழக்கின் உயிர் முழுவதும் பற்றுவரவில் இருந்தது. கணக்கு எழுதும் முறை அவருக்குத் தெரியாது. ஒரு கணக்கியல் நூலை வாங்கிப் படித்துக்கொண்டு, பிறகே வழக்கைப் புரிந்துகொண்டார். முடிவில் இரு தரப்பாரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார். தாதா அப்துல்லா 37,000 பவுனும் செலவும் பெறவேண்டுமென்று தீர்ப்பாயிற்று. ஒரே தடவையில் கட்டச் சொன்னால் தையப் சேட் திவாலாகிவிடுவார் என்பதால், நீண்ட தவணைகளில் செலுத்தவும் ஏற்பாடு செய்தார்.

இதில் நமக்குள்ள பாடம் யாது? பாரிஸ்டர் பட்டம் பெற்றவருக்குக் கணக்கு தெரியவில்லை. கணக்கு தெரிந்த வியாபாரிகளுக்குச் சட்டம் தெரியவில்லை. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தபோது வழக்கு முடிந்தது, இரு குடும்பங்களும் பிழைத்தன. ஐந்தொகை பார்க்கத் தெரிந்த நம் பிள்ளைகள் சட்டமும் கற்றால், பாதி தூரம் ஏற்கெனவே நடந்தவர்கள் ஆவார்கள்.

பட்டம் வேறு, தொழில் வேறு

இனி மகனுடைய எண்ணத்தை நோக்குவோம். மலேசியாவில் வழக்கறிஞர் தொழிலை 1976-ம் ஆண்டு சட்டத் தொழிற் சட்டம் ஆளுகிறது. அதன்படி படிகள் பல.

முதற்படி, ஏற்கப்பட்ட சட்டப் பட்டம். மலாயாப் பல்கலைக்கழகம் 1972-ல் சட்டத்துறை தொடங்கியது. அதன் பட்டம் போன்ற உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டங்கள் சிலவற்றுக்கு நேரடித் தகுதி உண்டு. இங்கிலாந்து முதலிய நாடுகளின் பட்டம் பெற்று வருவோர், 1984 முதல் நடந்துவரும் சி.எல்.பி. என்ற தொழிற் சான்றிதழ்ப் பரீட்சையில் தேறவேண்டும். அதில் ஐந்து தாள்கள்: பொதுத் தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில் நடைமுறை. பட்டப் பரீட்சையைவிட இதுவே கடினம் என்பது எழுதியவர்களின் வாக்கு.

இரண்டாம் படி, மொழி. பகாசா மலேசியா தகுதிப் பரீட்சையில் தேறியிருக்கவேண்டும், அல்லது அதிலிருந்து விலக்குப் பெறும் தகுதி வேண்டும். நீதிமன்ற மொழி தேசிய மொழியே. பட்டப் படிப்பை ஆங்கிலத்தில் முடித்துவிட்டு மலாய் எழுத்தில் தடுமாறுவோர் இப்படியிலே நின்றுவிடுவர்.

மூன்றாம் படி, ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் பயிற்சி. அக்காலத்தில் வழக்கறிஞர் மன்றத்தின் எழுத்துமூலமான அனுமதியின்றி வேறு உத்தியோகம் பார்த்தல் கூடாது. படிப்பு ஓய்வு நேரத்தில் நடக்கலாம். பயிற்சி அவ்வாறு நடக்காது. அந்த ஒன்பது மாதமும் கடையை யார் பார்ப்பது என்பதை முதல் நாளிலேயே யோசிக்கவேண்டும்.

நான்காம் படி, தொழில் நடத்தும்போது உள்ள கட்டுப்பாடு. பிறரிடம் வேறு சம்பள வேலை பார்ப்பவர் வழக்கறிஞராகத் தொழிற் சான்றிதழ் பெற இயலாது. தொழிலின் கண்ணியத்துக்குப் பொருந்தாத வியாபாரத்தில் நேரடியாக ஈடுபடுதலும் 1978-ம் ஆண்டு நடத்தை விதிகளுக்கு மாறானது. ஆகவே காலையில் கோர்ட், மாலையில் கல்லாப் பெட்டி என்ற கனவை விட்டுவிடுவது நலம். ஒரு காலத்தில் இரண்டிலொன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும்.

இதோடு ஓர் எச்சரிக்கை. பட்டம் மட்டும் பெற்று வழக்கறிஞராக அனுமதி பெறாதவர், கூலி வாங்கிக்கொண்டு பிறருக்குச் சட்டப் பத்திரம் தயாரித்துக் கொடுப்பது அச்சட்டத்தின் 37-வது பிரிவின்படி குற்றம். தம் கடைக் காரியத்துக்குத் தம் அறிவைப் பயன்படுத்தலாம்; அடுத்த கடைக்காரருக்குக் காசுக்கு எழுதித் தரலாகாது.

ஓய்வு நேரப் பட்டம்

வீட்டிலிருந்தே படிக்க விரும்புவோருக்கு நெடுங்காலமாகத் திறந்திருக்கும் வாசல் லண்டன் பல்கலைக்கழகம். 1858-லேயே அது, கல்லூரிக்கு வராதவர்களும் தன் பரீட்சைகளை எழுதலாம் என்று வழி திறந்தது. எங்கிருந்தும் படித்து, தம் நாட்டிலேயே பரீட்சை எழுதும் அதன் எல்.எல்.பி. பட்டத்தை மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்கலாம். ஆசிரியர்களும் கிராணிகளும் போலீஸ் உத்தியோகஸ்தர்களும் இந்நாட்டில் அவ்வழியே சட்டம் பயின்றுள்ளனர்.

பகலில் முழுநேரம் செல்லக்கூடிய பிள்ளைகளுக்கு, மலாக்காவிலேயே மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை உண்டு. குடும்பத்தில் ஒருவர் கடையைத் தாங்கினால், மற்றொருவரை முழுநேரம் அனுப்புவது பல வேளைகளில் சிக்கனமே ஆகும். ஆறாண்டு இழுக்கும் படிப்பைவிட நான்காண்டில் முடியும் படிப்புக்குச் செலவு கூடுதலாகத் தோன்றினாலும், சம்பாத்தியம் முந்தித் தொடங்கும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

விடாமுயற்சிக்கு ஓர் உதாரணம். நெல்சன் மண்டேலா 1943-ல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டத்துக்குச் சேர்ந்தார். வேலை, குடும்பம், போராட்டம் ஆகியவற்றால் அங்கே பட்டம் பெற இயலவில்லை. சிறையிலிருந்து லண்டன் பல்கலைக்கழகத்து வழியில் தொடர்ந்தார். கடைசியில் 1989-ல், இன்னும் சிறையிலிருந்தபோதே, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தபால்வழிப் படிப்பால் எல்.எல்.பி. பெற்றார். முதற்சேர்க்கைக்கும் பட்டத்துக்கும் இடையே 46 ஆண்டுகள்! நேரமில்லை என்று நாம் சொல்லும்போது இதை நினைவுகூரலாம்.

பணம் கட்டுமுன் கேட்கவேண்டியவை

எல்லாப் பகுதிநேரப் பட்டமும் ஒன்றல்ல. இந்தியாவில் தபால்வழியாக பி.ஜி.எல். என்ற பொதுச் சட்டப் பட்டம் வழங்கப்பட்டு வந்தது. அறிவுக்கு அது நன்று. ஆனால் அதைக்கொண்டு வழக்கறிஞராகப் பதிய இயலாது. முறையாகக் கல்லூரிக்குச் சென்று படித்த பட்டத்தையே இந்திய வழக்கறிஞர் கழகம் ஏற்கிறது. தாயகத்தில் உறவினர் மூலம் ஒரு பட்டம் பெற்றுவிடலாம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

மலேசியாவில் எந்தப் பட்டம் செல்லும் என்று முடிவு செய்வது சட்டத் தொழில் தகுதி வாரியம். விளம்பரத் தாளும், சேர்க்கைக் காரியாலயத்தில் இருப்பவரின் வாய்மொழியும் அதற்கு ஈடாகா. ஆகவே முதல் வெள்ளியைக் கட்டுமுன் வாரியத்துக்குக் கடிதம் எழுதி நான்கு கேள்விகளுக்கு எழுத்திலே பதில் பெறுங்கள்.

1. இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் பட்டத்தை, பகுதிநேரமாகவோ வீட்டிலிருந்தோ படித்தாலும் ஏற்பீர்களா?
2. பட்டத்துக்கு முன்னுள்ள என் கல்வி போதுமா? எஸ்.பி.எம். முடித்துக் கடைக்கு வந்துவிட்டவர்களுக்கு இது மிக முக்கியம். பட்டம் கிடைத்தாலும் அடிப்படைத் தகுதி குறைந்தால் சி.எல்.பி. எழுத இயலாது போகலாம்.
3. பட்டத்தில் எந்தத் தரம் பெறவேண்டும், எந்தப் பாடங்களை எடுத்திருக்கவேண்டும்?
4. என் மலாய் மொழித் தகுதி போதுமா?

சரக்கு வாங்குமுன் மாதிரி பார்ப்பவர் நாம். ஆறாண்டு உழைப்பை முதலீடு செய்யுமுன் ஒரு கடிதம் எழுதத் தயங்குவானேன்?

நேரத்துக்கு ஒரு பற்றுவரவு

லண்டன் பட்டத்துக்குப் பன்னிரண்டு பாடங்கள். ஆறாண்டில் முடிப்பதென்றால் ஆண்டுக்கு இரண்டு. இரவு கடை அடைத்து, இஷாவுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்தால் ஒன்பது மணி நேரம். கடை அடைப்பு நாளில் மூன்று மணி நேரம் சேர்த்தால் பன்னிரண்டு. பெருநாள், நோன்புக்கால வியாபாரம், நோய், திருமணம் எனப் பன்னிரண்டு வாரத்தைக் கழித்துவிடுங்கள். மிஞ்சும் நாற்பது வாரத்தில் 480 மணி நேரம் கைக்கு வரும், பாடத்துக்கு 240. முறையாகப் படிப்பவருக்கு இது வீண்போகாது. இரவில் களைப்பு மிகுந்தோர் சுபுஹுக்குப் பின் கடை திறக்குமுன் படிக்கலாம். எந்நேரமாயினும் அது மாறாத நேரமாக இருத்தல் வேண்டும்.

படிக்கும் முறையில் சில குறிப்புகள்:

முதலாவது, ஒப்பந்தச் சட்டத்தைக் கடைப் பத்திரங்களோடு சேர்த்துப் படியுங்கள். நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றியது. லண்டன் படிப்பில் வருவதோ ஆங்கில நாட்டுச் சட்டம். இரண்டும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று ஒரு நோட்டில் இரு பத்தியாக எழுதிவருவது நலம். சி.எல்.பி. படிக்கும் காலத்தில் அந்த நோட்டு பொன்னாகும்.

இரண்டாவது, வழக்குகளை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு வழக்கையும் நான்கே வரியில் எழுதுங்கள்: நடந்தது என்ன, கேள்வி என்ன, தீர்ப்பு என்ன, காரணம் என்ன. நான்காவது வரியே பரீட்சையில் மதிப்பெண் தருவது.

மூன்றாவது, தனியே படிக்காதீர்கள். இருவர் மூவர் சேர்ந்து வாரம் ஒருமுறை ஒருவருக்கொருவர் விளக்குங்கள். பிறருக்குச் சொல்லத் தெரியாதது நமக்கும் தெரியாததே.

நான்காவது, நேரம் வைத்து எழுதிப் பழகுங்கள். பலர் தவறுவது அறியாமையால் அல்ல. மூன்று கேள்வியை விரிவாக எழுதி நான்காவதை விட்டுவிடுவதால்.

ஐந்தாவது, விடுமுறையில் ஒருநாள் ஆயர் குரோவிலுள்ள நீதிமன்ற வளாகத்துக்குச் சென்று, பொதுமக்களுக்குத் திறந்த விசாரணையில் பின்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். நூலில் படித்த நடைமுறை அங்கே உயிர்பெறும்.

பெண் மக்களை மறவாதீர்

கடையில் நிற்கும் பொறுப்பில்லாத நம் பெண்மக்கள் பலர் பள்ளியில் ஆண்பிள்ளைகளைவிட நன்றாகப் படிக்கின்றனர். 1927-ல் பத்தனம்திட்டாவில் பிறந்த பாத்திமா பீவி, 1950-ல் வழக்கறிஞராகப் பதிந்து, கீழ் நீதிமன்றங்களில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, 1989-ல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். நாகூரில் பிறந்த மு. மு. இஸ்மாயில் அவர்கள் 1979-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். அவர் கம்பன் காவியத்தில் ஆழ்ந்த புலமை மிக்கவர். கல்வியின் கதவு திறந்தால் நம் வீட்டுப் பிள்ளைகளும் எட்டாத இடமில்லை.

பட்டம் இன்றியும் அறியவேண்டியவை

எல்லாரும் ஆறாண்டு படிக்க முடியாது. அவர்களும் வெறுங்கையோடு போகவேண்டாம்.

கடனை எழுதி வைத்துக்கொள்வது நம் மார்க்கம் வியாபாரிக்குக் கற்பித்த பாடங்களில் ஒன்று. 1953-ம் ஆண்டு காலவரைச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்குச் சாதாரணமாக ஆறாண்டுக்குள் வழக்குத் தொடரவேண்டும். கடன்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதி கட்டினாலோ அந்நாள் முதல் கணக்கு மீண்டும் தொடங்கும். ஆகவே ஆண்டுக்கொருமுறை பாக்கிச் சீட்டில் கையெழுத்து வாங்குவது நலம்.

5,000 வெள்ளி வரையுள்ள சிறு கேட்புக்குத் தனிமனிதர் ஒருவர் வக்கீல் வைக்காமலே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுச் செய்யலாம்.

கூட்டு வியாபாரம் செய்வோர், வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், கூட்டாளி ஒருவர் மரணமடைந்ததும் கூட்டு கலைந்துவிடும் என்று 1961-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் கூறுவதை அறியவேண்டும். வாய்ப்பேச்சில் தொடங்கிய கடைகள் பாகப்பிரிவினைத் தகராறில் மூடப்படுவதற்கு இதுவே பெருங்காரணம். வாரிசுப் பங்கு ஷரீஅத் விஷயம். அங்கே வாதாடுவோர் ஷரீஅத் வழக்கறிஞர் என்ற தனி வகையினர், அவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும்.

நிலம் வாங்குவோர் பட்டாவை நன்கு பார்க்கவேண்டும். மலாக்காவில் வழக்காற்று நிலம் என்ற தனி வகை உண்டு. அது யாருக்குக் கைமாறலாம் என்பதில் கட்டுப்பாடு உண்டு. முன்பணம் கொடுத்தபின் அறிவதைவிட முன்பே அறிவது மேல்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

கடையில் நிற்கும் பிள்ளை இரவில் புத்தகத்தை விரிக்கும்போது விளக்குச் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள். பரீட்சைக்கு முந்திய இரு மாதம் சரக்கெடுக்கும் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றிக் கொடுங்கள். ஒருமுறை தவறினால் ஏசாதீர்கள்; ஒரு சரக்கில் நஷ்டம் வந்தால் நாம் கடையை மூடுவதில்லையே!

வாலிபர்களே, முதலில் உங்கள் நோக்கத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வக்கீலாக வேண்டுமா? அப்படியானால் வாரியத்துக்குக் கடிதம் எழுதி, பயிற்சி மாதங்களுக்குப் பணம் சேர்த்து, ஒருநாள் கடையை விட்டு இறங்கத் தயாராகுங்கள். கடைக்காரராகவே இருந்து சட்டம் அறிந்தவராக வாழ வேண்டுமா? அதுவும் சிறந்த நோக்கமே. பட்டத்தின் தரத்தைப் பற்றிய கவலையின்றி, பயன்படும் பாடங்களை நிதானமாகப் படியுங்கள். நோக்கம் தெரியாமல் தொடங்கினால் இரண்டும் கைநழுவும். ஓர் ஊரில் ஒருவர் சட்டம் அறிந்தாலும், கையெழுத்துப் போடுமுன் போய்க் கேட்க ஓர் இடம் அவ்வூருக்கு உண்டாகிறது. அத்தகையவர் நம் கோலா சுங்கை பாருவிலும் தோன்றவேண்டும் என்பதே நம் விருப்பம்.